சாவு வீட்டுக்குச் சேர் போடுகிறவர்களுக்கு என்ன பரம்பரைப் பெருமை?

காங்கயத்து வாசகர் | 6 ஜூலை 2025

போன வாரம் ஒரு எழவு வீட்டில் ஐஸ் பெட்டி இறக்கிய வண்டியில் ‘மூன்று தலைமுறைச் சேவை’ என்று எழுதியிருந்தது. ஐஸ் பெட்டி நம்ம பக்கம் வந்தே இருபது வருசம் சொச்சம்தான் இருக்கும். அதற்குள் மூன்று தலைமுறை எங்கிருந்து வந்தது? அதுவும் சேவையாம். வாடகை வாங்கினால் அது சேவையா? அந்தக் காலத்தில் பங்காளிகளே மூங்கில் வெட்டி, ஓலை முடைந்து, குழி தோண்டி எல்லாம் செய்தார்கள். இப்போது செத்த வீட்டிலும் கடை விரித்துவிட்டார்கள் என்பது என் கட்சி. தெரிந்தவர்கள் பேசலாம்.

பந்தல்கடைப் பேத்தி | 6 ஜூலை 2025, இரவு 11.40

நானும் அப்படி ஒரு கடைக்காரிதான். நீங்கள் பார்த்த வண்டி எங்களுடையது இல்லை. ஆனால் எங்கள் வண்டியிலும் கிட்டத்தட்ட அதே வரி இருக்கிறது. தம்பி எழுதி வைத்தது. எனக்கும் அது பிடிக்காது.

பெட்டிக்கு மூன்று தலைமுறை கிடையாது, சரி. கடைக்கு உண்டு. அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, தாராபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அறுபதுகளில். சைக்கிளோடு இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கும் வாங்கிப் போட்டார். கல்யாணம், மாரியம்மன் நோம்பி, கூத்து எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு விளக்குதான் போய்வரும். ராத்திரியில் உயிர் போனால் தோட்டத்து வீட்டிலிருந்து ஆள் ஓடிவருவதும் அந்த விளக்குக்குத்தான். பெரும்பாலான தோட்டங்களில் அப்போது கரண்ட் இல்லை. விடியும்வரை பிணத்தைச் சுற்றி உட்கார வெளிச்சம் வேண்டுமே.

அப்புறம் மடக்கு இரும்புச் சேர் 40 வாங்கினார். அங்கேதான் வம்பு வந்தது. ஒரு கல்யாண வீட்டில் சேரை விரித்தபோது மடிப்பில் ஒரு பொரி ஒட்டிக்கொண்டிருந்தது. பிண ஊர்வலத்தில் இறைக்கிற பொரி. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லையாம், எழுந்து நின்றுகொண்டாராம். அடுத்த முகூர்த்தத்துக்கு எங்கள் கடையில் ஒருவரும் சேர் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு செட், சாவுக்கு ஒரு செட் என்று வாங்கக் கையில் காசில்லை. ஒன்றை விட வேண்டும். அப்பாரு கல்யாணத்தை விட்டார். ஏன் என்று ஆத்தா கேட்டதற்குச் சொன்ன பதில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடும்: “கல்யாணத்துக்காரன் நாள் பார்ப்பான், பேரம் பேசுவான். எழவுக்காரன் ரெண்டும் பண்ண மாட்டான்.” இதில் சேவை எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பந்தல்கடைப் பேத்தி | 7 ஜூலை 2025, காலை

ராத்திரி எழுதும்போது விட்டுப்போனது. பங்காளிகளே எல்லாம் செய்தார்கள் என்கிறீர்களே, பாதிதான் செய்தார்கள், மீதியைச் செய்வித்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்தது, நெய்ப்பந்தம் பிடித்தது, வாய்க்கரிசி போட்டது சொந்தக்காரர்கள். சவரம் செய்ததும் சடங்கை வரிசை தப்பாமல் நடத்தியதும் நாவிதர். மாற்றுச் சேலை விரித்தவர் வண்ணார். தப்பட்டை அடித்தவர்கள், குழி வெட்டியவர்கள், சிதை முழுசாக எரியும்வரை ராத்திரி கூடவே கிடந்தவர் எல்லாம் யார் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு வாடகை கிடையாது, களத்துமேட்டில் வருசத்துக்கு இத்தனை வள்ளம் என்று தானியம். அந்தக் கணக்கு யாருக்கு லாபம் என்பதை வேறு இழையில் பேசலாம்.

நம்ம கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுகிறவரும் நாவிதர்தான். பிள்ளைக்குக் கல்யாணப் பாட்டுப் பாடிய அதே ஆள்தான் அப்பனுக்குக் கடைசிச் சவரமும் செய்வார். அவருக்கு யாரும் பொரிக் கணக்குப் பார்க்கவில்லை. சேருக்குத்தான் தீட்டு.

பந்தல்கடைப் பேத்தி | 11 ஜூலை 2025

கோபியிலிருந்து ஒருவர் ‘அப்படி என்னதான் பெரிய வேலை, பெட்டியை இறக்கிப் பிளக்கைச் சொருகுவதுதானே’ என்று கேட்டிருக்கிறார். சரி, சொல்கிறேன்.

போன் வரும். பாதி நேரம் ராத்திரி இரண்டு மணிக்கு மேல். எடுத்ததும் “சொல்லுங்க” என்பேன். வணக்கம் கிடையாது, வாங்க கிடையாது, யார் என்ன என்று துருவுவதும் கிடையாது. ஊர், வீட்டு அடையாளம், ஆணா பெண்ணா, எவ்வளவு நேரம் ஆச்சு, ஆஸ்பத்திரியா வீடா. ஐந்தே கேள்வி. பெண் என்றால் நானும் வண்டியில் ஏறுவேன்.

நான்காவதாகக் கேட்கிற நேரக் கணக்குதான் முக்கியம். உயிர் போய் இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடையும் கழுத்தும் விறைக்கத் தொடங்கும். அப்புறம் கை, கால். அதற்குள் வாயை மூடித் தாடையைச் சுற்றித் தலைக்கு மேலே துணி கட்ட வேண்டும். கையை நேராக்கிக் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். நேரம் கழிந்து போனால் முழங்கால் மடங்கியபடியே நிற்கும், பெட்டி மூடி மூடாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோன ஒரு பாட்டியை விடியற்காலையில்தான் பார்த்தார்கள். அந்த உடம்பை அமுக்கச் சொன்னார் மகன். நான் மாட்டேன் என்றேன். அமுக்கினால் எலும்பு சத்தம் கேட்கும், அந்தச் சத்தத்தை அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். வெந்நீரில் துணி நனைத்து முட்டியைச் சுற்றிப் போட்டு, கையால் நீவி நீவி முக்கால் மணி நேரம் ஆனது. இறங்கியது. வெந்நீர் வைத்துக் கொடுத்தது பக்கத்துத் தோட்டத்து அம்மிணி, சத்துணவில் வேலை பார்க்கிறவர். எனக்கு முன்னால் அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

பிளக் விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஊர்த் தோட்டங்களில் மும்முனைக் கரண்ட் வந்ததும் எல்லாக் கிணற்று மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும். வீட்டு லைனில் வோல்டேஜ் படுத்துவிடும். லோ வோல்டேஜில் ஓடினால் பெட்டியின் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டே சூடேறி ஒரு நாள் போய்விடும். அதனால் பெட்டி போகிற இடத்துக்கெல்லாம் ஸ்டெபிலைசரும் போகும், மழைக்காலத்தில் ஜெனரேட்டரும் போகும். பெட்டிக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கிறது. அதற்குக் கீழே வாளி வைக்க மறந்தால் திண்ணை முழுக்க ஈரமாகும், வந்தவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். பாதி நேரம் அது வெறும் கண்ணாடி வேர்த்த தண்ணீர்தான். ஆனால் அதை யாரிடம் போய் விளக்குவது?

கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. யாருக்கும் தெரியும் இது. ஆனால் விசிட்டிங் கார்டும் கொடுக்கக் கூடாது என்பது அப்பா போட்ட விதி. “கார்டு குடுத்தா இன்னொருத்தர் சாகணும்னு சொன்ன மாதிரிங்” என்பார்.

பந்தல்கடைப் பேத்தி | 12 ஜூலை 2025

ஜிஎஸ்டி கேட்டவருக்கு: சாவுச் சடங்கு, தகனம், பிணவறை, பிணம் ஏற்றிப் போவது எதற்கும் ஜிஎஸ்டி கிடையாது. 2017 சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலேயே அப்படிப் போட்டிருக்கிறது. எங்கள் ஆடிட்டர் இதைச் சொன்ன அன்றைக்கு அம்மா, “செத்தவன்கிட்டயாவது வரி கேக்காம இருக்கறாங்களே” என்றார். நாங்கள் சேரையும் சாமியானாவையும் தனியாக வாடகைக்கு விட்டால் அதற்கு வரி உண்டு என்று ஆடிட்டர் முடிப்பதற்குள் அம்மா எழுந்து போய்விட்டார்.

பந்தல்கடைப் பேத்தி | 16 ஜூலை 2025

பணம் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறீர்கள்.

எங்கள் ஊரில் பெட்டிக்கு ஒரு நாளைக்கு 2,500 ரூபாய். சேர், சாமியானா, ஜெனரேட்டர் டீசல் தனி. அன்றைக்குப் பணம் கேட்கக் கூடாது, கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கருமாதி முடிந்து, வீட்டைக் கழுவி, மறுபடியும் அடுப்புப் பற்றவைத்த பிறகு அவர்களாக வந்து கொடுப்பார்கள். வராவிட்டால் ஒரு மாதம் கழித்துத் தம்பி அந்தப் பக்கம் போகும்போது ஒரு டீ குடித்துவிட்டு வருவான். பணம் பற்றிப் பேச மாட்டான். இரண்டாவது டீக்கு வந்துவிடும்.

அப்பாவின் நோட்டு எங்களிடம் இருக்கிறது. நீள நோட்டு, சிவப்புத் துணி அட்டை. அதில் பேர் கிடையாது. ‘மேற்கால தோட்டம், கிழவர்’, ‘கொளத்தூட்டு அம்மா’, ‘சந்தப்பேட்டை, கொழந்தை’ இப்படித்தான். தொகைக்கு எதிரே பணம் வந்தால் ஒரு கோடு. வராத தொகைக்கு ஒரு வருசம் கழித்து ஒரு சுழி. சுழி போட்டுவிட்டால் கேட்கக் கூடாது, கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு மட்டும் முதலிலேயே சுழி. எண்ணிப் பார்த்திருக்கிறேன், நூற்றுக்குப் பதினொன்று பன்னிரண்டு சுழி வரும். வசதியானவர்கள் போட வைத்த சுழிகளும் அதில் உண்டு. ஊரில் மூன்று மாடி வீடு, தேர்தலில் நின்றவர், அப்பனுக்குப் பூப்பல்லக்கு, வாணவேடிக்கை எல்லாம் வைத்தார். இன்னும் சுழிதான். அவர் எதிரே வந்தால் தம்பி வண்டியைத் திருப்பிக்கொள்வான். கடன் கொடுத்தவன் ஒளிகிற ஊர் எங்கள் ஊர்.

பெருமை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்: எங்களிடம் எல்லோருக்கும் ஒரே பெட்டி. மேலே இருப்பவன் கீழே இருப்பவன் என்று பார்த்ததில்லை. எந்தச் சனத்துக்கும் அதே பெட்டி, அதே வாடகை, அதே மரியாதை. முதல் பெட்டி வாங்கிய நாளிலிருந்து.

பந்தல்கடைப் பேத்தி | 24 ஜூலை 2025

இன்றைக்கு ஆடி அமாவாசை. காலை நாலு மணிக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொடுமுடி போய்விட்டு வந்தோம். பவானி கூடுதுறைக்குப் போகலாம் என்றான் தம்பி. அங்கே இன்றைக்குக் கால் வைக்க இடம் இருக்காது என்று அம்மா வேண்டாம் என்றுவிட்டார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் பேரூரில் நொய்யல் கரைக்குப் போவார்கள். நாங்கள் எப்போதும் மகுடேசுவரர் கோயில் படித்துறைதான். அப்பாவின் அஸ்தியும் அங்கேதான் கரைத்தோம், 2019-ல்.

எங்கள் கடைக்கு வந்தவர்களின் அஸ்திக் கலயம் சில சமயம் கடையிலேயே தங்கிவிடும். பிள்ளை வெளிநாட்டில், லீவு கிடைக்கவில்லை, அடுத்த மாதம் வருகிறேன் என்பார்கள். கலயத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று வேப்பமரத்தில் கட்டிவிடுவோம். ஒரு கலயம் பதினான்கு மாதம் தொங்கியது. ஒரு நாள் அதில் சிட்டுக்குருவி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா, “இனி மகன் வரமாட்டான்டா, நாமளே கொண்டு போயிரலாம்” என்றார். கரைத்து இரண்டு வாரத்தில் மகன் வந்து நின்றான். நான் கடைக்குள் போய்விட்டேன். தம்பிதான் பேசினான்.

பந்தல்கடைப் பேத்தி | 26 ஜூலை 2025, இரவு

16-ம் தேதி எழுதியதை ஒரு இடத்தில் திருத்த வேண்டும். அழிக்க விருப்பமில்லை, அது அங்கேயே இருக்கட்டும்.

தம்பி இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று ராத்திரி சாப்பிடும்போது, “ஒரே பெட்டின்னு எழுதியிருக்கியே அக்கா, ரெண்டு இருந்துச்சே” என்றான். நான் இல்லை என்றேன். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு, “இருந்துச்சு” என்றார்.

நான் அந்த வருசங்களில் கல்யாணமாகி ஈரோட்டில் இருந்தேன். திரும்பி வந்து கடையில் உட்கார்ந்தது 2014-ல். அதற்கு முன் நடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை என்பதுதான் சரி.

அம்மாவும் தம்பியும் சொன்னது இது. முதல் பெட்டி 2003 வாக்கில் வந்தது. அதற்கு முன் ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் வாங்கி, மரத்தூள் போட்டு, பெஞ்சுக்கு அடியில் அடுக்குவார்கள். பாளம் கரைந்துபோகும், ஒருவருக்கு வைத்ததை இன்னொருவருக்கு வைக்க முடியாது. பெட்டி அப்படியில்லை. நேற்று ஒருவர் படுத்திருந்த தட்டில் இன்றைக்கு இன்னொருவர் படுக்க வேண்டும். முதல் மாதத்திலேயே கேள்வி வந்துவிட்டது: “இது காலனிக்குப் போனதுங்களா?” அப்பா முதலில் மழுப்பியிருக்கிறார். இரண்டு வீட்டில் பெட்டியை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை அப்பா இன்னொரு பெட்டி இறக்கினார். பக்கவாட்டில் பெயிண்டில் 1, 2 என்று நம்பர். எது யாருக்கு என்று நோட்டில் எங்கேயும் இல்லை. டிரைவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். பொரி ஒட்டிய சேருக்காக அப்பாரு இரண்டு செட் வாங்கவில்லை. அப்பா வாங்கினார். ஏனென்றால் அப்போது கையில் காசிருந்தது.

வாடகை இரண்டுக்கும் ஒன்றுதான் என்று தம்பி சொன்னான். அதைச் சொன்னால் கொஞ்சம் சரியாகிவிடும் என்பது போலச் சொன்னான். 2-ம் நம்பருக்கு ஸ்டெபிலைசர் பழையது என்பதையும் அவனேதான் சொன்னான்.

பந்தல்கடைப் பேத்தி | 27 ஜூலை 2025

ஆறு பேர் கேட்டுவிட்டீர்கள், அந்த இரண்டு பெட்டி எப்போது ஒன்றானது என்று. கொள்கையால் ஆனது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

2012. தமிழ்நாட்டில் யாருக்கும் அந்த வருசத்துக் கரண்ட் மறந்திருக்காது. கிராமத்தில் ஒரு நாளில் பாதிக்கு மேல் இருக்காது. வந்தாலும் போய் போய் வரும். ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு உதை. 1-ம் நம்பரின் கம்ப்ரஸர் ஒரு சாவு வீட்டிலேயே புகைந்துபோனது. அதைக் கழற்றிக் கோயமுத்தூருக்கு அனுப்பியிருந்த வாரம் பார்த்து ஊர்ப் பெரிய வீட்டில் ஆத்தா போய்விட்டார். தொண்ணூறு வயசு. பேத்தி பெங்களூரிலிருந்து வர வேண்டும், ஒரு ராத்திரி வைத்தாக வேண்டும். பக்கத்து ஊர்ப் பெட்டிகள் எல்லாம் வெளியே போயிருந்தன.

அப்பா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் தம்பியிடம் சாம்பல் பெயிண்ட் டப்பாவை எடுத்துவரச் சொன்னார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் (அப்பாருவுடையது, ஒன்று இன்னும் எரிகிறது) 2 என்ற நம்பரின் மேல் அடித்தார். ஒரு கோட் போதவில்லை, உள்ளேயிருந்து நம்பர் தெரிந்தது. இரண்டாவது கோட். காய நேரமில்லை. வண்டியில் ஏற்றும்போது தம்பியின் கை பட்டு விரல் அச்சு விழுந்தது. “அந்தப் பக்கத்தைச் செவுத்தோரம் வெச்சிரு” என்றாராம்.

பெரிய வீட்டு ஆத்தா அந்தப் பெட்டியில்தான் ஒரு ராத்திரியும் அரைப் பகலும் இருந்தார். ஊரே வந்து கண்ணாடியைத் தொட்டு அழுதது. யாருக்கும் தெரியாது. இப்போது இதைப் படித்தால் தெரியும், பரவாயில்லை, ஊர்ப் பேர் நான் சொல்லவில்லை.

1-ம் நம்பர் சரியாகி வந்ததும் அதையும் சாம்பல் அடித்துவிட்டார். அதற்கப்புறம் எது எதுவென்று டிரைவருக்கே குழப்பம். அப்பாவுக்கு வைத்தது எந்தப் பெட்டி என்று தம்பியிடம் கேட்டேன். விரல் அச்சு இருந்ததுதான் என்றான். நான் அன்றைக்கு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பந்தல்கடைப் பேத்தி | 29 ஜூலை 2025

‘நல்லது செய்திருக்கிறார், பொய் சொல்லிச் செய்ததால் என்ன’ என்று ஒருவர். ‘ஊரை ஏமாற்றிய கதையைப் பெருமையாக எழுதுகிறாயே’ என்று இன்னொருவர். இரண்டு பேரும் என் தம்பியோடு பேசிக்கொள்ளலாம். நான் அப்பாவை மெச்சவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஒன்பது வருசம் இரண்டு பெட்டி வைத்திருந்தார். அப்புறம் கம்ப்ரஸர் போனது.

என்ன ஆளுங்க நீங்க என்று தனிச்செய்தி அனுப்பிய மூன்று பேருக்கும் பதில் கிடையாது.

பந்தல்கடைப் பேத்தி | 3 ஆகஸ்ட் 2025

கொரோனாக் காலம் பற்றிக் கேட்டிருந்தார் பல்லடத்து வாசகர். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள். அந்த மாதமே அரசு அவசரச் சட்டம் போட்டு, அப்படித் தடுத்தால் மூன்று வருசம்வரை சிறை என்றது. எங்கள் பக்கம் கல்லெறி இல்லை. ஆள் வரவில்லை, அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேர், டிரைவர், ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர். பிள்ளைகள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். முகம் பார்க்க வேண்டும் என்று கத்திய ஒரு பெண்ணுக்கு என் போனில் முகத்தைக் காட்டினேன். ஜிப் பையின் மேல்புறம் கொஞ்சம் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான். அது முகமா என்று எனக்கே தெரியவில்லை. ஆமாம் என்றேன். அந்த வருசம் நோட்டில் சுழி அதிகம்.

திருப்பூர் மில் ஆட்கள் கதை வேறு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள். உடம்பை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றால் மருந்தேற்றி, அதற்குச் சான்றிதழ் வாங்கி, போலீஸ் கடிதத்தோடு ஆம்புலன்ஸில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இரண்டு டிரைவர், மூன்று நாள். வாடகையை உடன் வேலை செய்கிற பையன்களே அம்பது, நூறு என்று பிரித்துக் கொண்டுவருவார்கள், சில்லறையாக. பாதிப் பேர் அதோடு ஊருக்குத் திரும்பாமல் மறுநாள் காலை ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். அப்பா இருந்தவரை அந்தப் பணத்தை மட்டும் முன்னாடியே வாங்குவார், அவருடைய விதியை அவரே மீறி. அந்தப் பையன்களுக்குக் கடன் சொல்லத் தெரியாது, கொடுக்காமல் அனுப்பினால் தூங்க மாட்டார்கள் என்பார். டீசலுக்கும் வேண்டும் என்பது அவர் சொல்லாமல் விட்டது.

பந்தல்கடைப் பேத்தி | 9 ஆகஸ்ட் 2025

நடைமுறைக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதுவரை கட்டணம் இல்லை. கிராமம் என்றால் விஏஓ. ஒரு வருசம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வரை அலைய வேண்டும். பட்டா மாற்றவும் வாரிசுச் சான்றிதழுக்கும் முதலில் கேட்பது இதைத்தான். பேரை ஆதாரில் இருப்பது போலவே எழுதச் சொல்லுங்கள். ‘குட்டியண்ணன்’ என்று பதிந்துவிட்டு மூன்று வருசம் அலைந்த குடும்பம் உண்டு.

அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால் 155377-க்குப் போன் போடுங்கள், இலவச அமரர் ஊர்தி வரும். எங்கள் தொழிலுக்கு நட்டம்தான், இருந்தும் சொல்கிறேன்.

விபத்து, தற்கொலை என்றால் போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் தர மாட்டார்கள். போலீஸ் ‘174 போட்டாச்சா’ என்று பேசிக்கொள்வது இந்த மாதிரிச் சாவை விசாரிக்கிற சட்டப் பிரிவைத்தான். 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அது 194. ஏட்டுகள் வாயில் இன்னும் 174தான். 2021 நவம்பரிலிருந்து வசதியுள்ள ஆஸ்பத்திரியில் ராத்திரியும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம். ஆனால் கொலை, தற்கொலை, சந்தேகச் சாவுக்கு அது பொருந்தாது. அதனால் தூக்குப் போட்டவர் வீட்டில் ‘இன்னைக்கே தர்றாங்களா’ என்று எங்களைக் கேட்காதீர்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் எரிப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். எடுக்காமல் தகன மேடையில் வைத்தால் வெடிக்கும்.

சொந்தத் தோட்டத்திலேயே புதைக்கலாமா என்று வெள்ளகோவில்காரர் கேட்கிறார். 1999-ல் வந்த ஊராட்சி விதிப்படி மயானமாக ஒதுக்கிய இடம் வேண்டும், வீட்டுக்கும் குடிநீருக்கும் 90 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நம்ம பக்கம் தோட்டத்து மூலையில் சமாதிகள் நிறையப் பார்க்கலாம், எனக்கும் தெரியும். கேட்டதற்குச் சட்டத்தைச் சொன்னேன்.

பந்தல்கடைப் பேத்தி | 12 ஆகஸ்ட் 2025

நேற்று ராத்திரி ஒரு போன். ஊர், அடையாளம், ஆண், நேரம், வீடு. ஐந்துக்கும் பதில் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி, “ஏனுங், அந்தப் பொட்டி வேற யாருக்கும்…” என்றார். ஐம்பது வயசுக் குரல்.

“எல்லாருக்கும் வெச்சதுங்க” என்றேன்.

சத்தமே இல்லை. வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பின்னால் யாரோ பெண் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம், “பைபாஸ்ல இருந்து ரெண்டாவது கட்டிங்க, வேப்பமரம் இருக்கும்” என்றார். தம்பி ஸ்டெபிலைசரை ஏற்றிக்கொண்டிருந்தான்.

பந்தல்கடைப் பேத்தி | 13 ஆகஸ்ட் 2025

அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். மூன்று திருத்தம் சொன்னார். சேர் 40 இல்லை, 36. குருவி உட்கார்ந்தது வேறு கலயத்தில். அப்புறம் அந்தக் கல்யாண வீட்டில் பொரியைப் பார்த்தது பெண் வீட்டுப் பெரியவர் இல்லையாம், அம்மாவின் சொந்த மாமனாம். இத்தனை வருசம் அதை ஏன் சொல்லவில்லை என்றேன். “நீ கேக்கலையே கண்ணு” என்றார்.